சிம் பூட்டைத் தொடாமல் ஐபோனை ஜெயில்பிரேக் செய்வது எப்படி

ஜெயில்பிரேக் என்றால் ஐஓஎஸ்ஸில் ஆப்பிள் வைத்திருக்கும் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது. அதைச் செய்தால் எந்த சிம்மும் வேலை செய்யும் என்று நினைப்பவர்கள் இன்றும் நிறைய. அது தவறு. ஐபோனுக்குள் இரண்டு கணினிகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றில் ஐஓஎஸ் ஓடுகிறது. ஆப்கள், திரை, கோப்புகள் எல்லாம் அதன் பொறுப்பு. மற்றொன்று பேஸ்பேண்ட். டவருடன் பேசும் அந்தச் சில்லுக்குத் தனி மென்பொருள், தனிக் கையொப்பச் சோதனை. ஜெயில்பிரேக் முதல் கணினியின் கட்டுப்பாடுகளை மட்டும் தளர்த்துகிறது. போன் எந்த நிறுவனத்தின் சிம்மை ஏற்கலாம் என்பது போனை ஆக்டிவேட் செய்யும்போது ஆப்பிள் சர்வர் தரும் சீட்டில் இருக்கிறது. ஜெயில்பிரேக் அதைத் தொடுவதில்லை, தொடவும் வேண்டாம்.

உங்கள் போனில் சிம் பூட்டு இருக்கிறதா என்று பார்க்க செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய்க் கீழே இறங்குங்கள். ஐஓஎஸ் 14 முதல் அங்கே ‘கேரியர் லாக்’ என்று ஒரு வரி உண்டு. ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் பூட்டு இல்லை. ஜெயில்பிரேக்குக்கு முன்னும் பின்னும் அந்த வரி ஒரே மாதிரி இருக்கும். பூட்டை எடுக்க வேண்டுமென்றால் போனை விற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்பதுதான் வழி. அதேபோல, வேறொருவரின் ஆப்பிள் ஐடியால் பூட்டப்பட்ட ஆக்டிவேஷன் லாக்கும் ஜெயில்பிரேக்கால் போகாது.

பழைய வழிகாட்டிகளில் ‘பேஸ்பேண்டைக் காப்பாற்றுங்கள்’ என்ற எச்சரிக்கையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் ஜெயில்பிரேக் செய்தவர்களில் பலர் சிம் பூட்டை உடைக்கவே வந்தார்கள். 2010 இல் ஐபோன் 3ஜி, 3ஜிஎஸ் போன்களில் ஐபேடின் பேஸ்பேண்டை ஏற்றிப் பூட்டை உடைக்கும் வழி ஒன்று வந்தது. பூட்டு உடைந்தது, கூடவே ஜிபிஎஸ்ஸும் போனது, அப்போது பழைய பேஸ்பேண்டுக்குத் திரும்பவும் முடியவில்லை. பேஸ்பேண்டில் கைவைக்காதவர்களுக்கு அந்தச் சிக்கலே வரவில்லை. இன்றைய கருவிகள் எதுவும் பேஸ்பேண்டின் பக்கம் போவதில்லை.

ஆண்ட்ராய்டு கதை வேறு. அங்கே ரூட் செய்ய (ஜெயில்பிரேக்குக்கு அங்கே இதுதான் பெயர்) பெரும்பாலும் பூட்லோடரை, அதாவது போனைத் தொடங்கிவைக்கும் நிரலைத் திறந்தாக வேண்டும், திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழியும். இங்கே ஐபோனை மட்டும் பார்ப்போம்.

முதலில் சில்லும் பதிப்பும்

எந்தக் கருவி பொருந்தும் என்பதை இரண்டே விவரங்கள் தீர்மானிக்கின்றன: போனின் சில்லு, அதில் ஓடும் ஐஓஎஸ் பதிப்பு. இதைப் பார்க்காமல் தேடுபொறியில் ‘ஜெயில்பிரேக்’ என்று தட்டினால் மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் போலித் தளங்கள். “எல்லா ஐபோனுக்கும், எல்லாப் பதிப்புக்கும், கணினி இல்லாமல், ஒரே கிளிக்கில்” என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். “நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய இந்த இரண்டு ஆப்களை நிறுவுங்கள்” என்று கேட்டாலும் அப்படியே. உண்மையான கருவிகள் அத்தனையும் இலவசம்.

ஏ11 வரையிலான சில்லுகளுக்கு ஒரு தனி அதிர்ஷ்டம். 2019 செப்டம்பரில் செக்மேட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அது சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்ட பூட்ராமில், அதாவது போன் கண் திறந்ததும் ஓடும் முதல் நிரலில் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே எழுதி முடிக்கப்பட்ட பகுதி என்பதால் எந்த அப்டேட்டாலும் அதை அடைக்க முடியாது. ஐபோன் 6எஸ், முதல் தலைமுறை எஸ்இ (ஏ9), 7 (ஏ10), 8, எக்ஸ் (ஏ11) ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன. ஐஓஎஸ் 15 முதல் இவற்றுக்குப் பலேரெய்ன் என்ற கருவி. 12 முதல் 14 வரை செக்ரெய்ன். இவற்றின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்துக்கு முன் ‘ஐ’ வராது, 1 என்ற எண் வரும். தேடும்போது இதைக் கவனித்தால் பாதிப் போலிகள் அங்கேயே கழிந்துவிடும்.

ஏ12 முதல், அதாவது எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் தொடங்கி வந்த போன்களில் பூட்ராம் ஓட்டை இல்லை. ஐஓஎஸ்ஸில் உள்ள ஓட்டைகளை நம்ப வேண்டும், ஆப்பிள் அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துவருகிறது. இங்கே டோபமைன் என்ற ஆப்தான் கதி. ஐஓஎஸ் 15.0 இலிருந்து ஏ12 முதல் ஏ14 வரையிலான சில்லுகளில் 16.5.1 வரையும், ஏ15, ஏ16 சில்லுகளில் 16.5 வரையும் அது வேலை செய்கிறது. ஏ9 முதல் ஏ11 வரை உள்ள பழைய போன்களிலும் அது ஓடும், அங்கே எல்லை 16.6.1. ஏ12 அல்லது அதற்குப் பிந்தைய சில்லு, ஐஓஎஸ் 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் இதை எழுதும்போது பொதுவில் கிடைக்கும் ஜெயில்பிரேக் இல்லை. காத்திருப்பதும், அப்டேட் செய்யாமல் இருப்பதும்தான் செய்யக்கூடியவை.

இரண்டு கருவிகளும் பொருந்தும் போன் உங்களுடையது என்றால், உதாரணத்துக்கு 16.5 ஓடும் ஐபோன் எக்ஸ், யோசிக்காமல் டோபமைனைத் தேர்ந்தெடுங்கள். காரணம் பாஸ்கோட். ஏ11 சில்லில் பலேரெய்ன் ஓட வேண்டுமானால் பாஸ்கோட், ஃபேஸ் ஐடி, டச் ஐடி, ஆப்பிள் பே எதுவும் இருக்கக் கூடாது. ஐஓஎஸ் 16 இல் இன்னும் கடுமை: போனைக் கடைசியாக அழித்த பிறகு ஒரே ஒரு முறை பாஸ்கோட் வைத்திருந்தால்கூடப் போதும், முழுக்க அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தினமும் சட்டைப்பையில் சுமக்கும் போனைப் பூட்டே இல்லாமல் வைத்திருப்பது சரியான யோசனை அல்ல. 16.7 இல் இருக்கும் ஐபோன் 8 அல்லது எக்ஸை இரண்டாவது போனாக வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த வேலையில் இறங்கலாம். ஏ9, ஏ10 சில்லுகளில் இந்தத் தொல்லை இல்லை.

தொடங்கும் முன்

பேக்கப் கணினியில் எடுங்கள், அதுவும் ‘என்கிரிப்ட்’ என்ற கட்டத்தில் டிக் போட்டு. அப்படி எடுத்தால்தான் சேமித்த கடவுச்சொற்களும் ஹெல்த் விவரங்களும் பேக்கப்பில் சேரும். அந்தக் கடவுச்சொல்லை எழுதிவையுங்கள். மறந்தால் பேக்கப்பைத் திறக்க முடியாது. ஆப்பிள் ஐடியின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்க வேண்டும். போனை அழித்தபின் அதைக் கேட்கும்.

தானியங்கி அப்டேட்டை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே தரவிறங்கிக் காத்திருக்கும் அப்டேட் இருந்தால் ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ் பட்டியலில் அது ஒரு பெயராகத் தெரியும், அங்கிருந்தே நீக்கலாம். நள்ளிரவில் சார்ஜில் கிடக்கும்போது போன் தானாக அப்டேட் ஆகி, மறுநாள் காலை ஜெயில்பிரேக்குக்கு வழியே இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிற விபத்து.

அடுத்தது ‘ரீஸ்டோர்’ பற்றிய ஒரு தவறான நம்பிக்கை. ஏதாவது கெட்டுப்போனால் கணினியில் மாட்டி ரீஸ்டோர் செய்துகொள்ளலாம் என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். போன் பிழைக்கும், உண்மைதான். ஆனால் ஆப்பிள் அந்த நேரத்தில் கையொப்பமிடும் பதிப்பு மட்டுமே ஏறும். அது பெரும்பாலும் ஆகப் புதியது. 16.5 இல் இருந்த ஐபோன் 13 ஐ ஒரு முறை ரீஸ்டோர் செய்தால் 16.5 கைவிட்டுப் போனது போனதுதான். பழைய பதிப்பின் கையொப்பத்தை முன்கூட்டிச் சேமித்துவைக்கும் எஸ்எச்எஸ்எச் பிளாப் என்ற உத்தி உண்டு. ஆனால் பாதுகாப்புச் சில்லின் மென்பொருளும் பேஸ்பேண்டும் புதிய பதிப்பிலிருந்தே வர வேண்டியிருப்பதால் இடைவெளி கூடினால் அது பலிப்பதில்லை. சேமித்துவைப்பதில் நஷ்டமில்லை, அதை நம்பி இறங்காதீர்கள்.

பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். ஜெயில்பிரேக் செய்த போன் பழுதானால் சேவை தர மறுக்கலாம் என்று ஆப்பிள் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் 2010 முதல் ஸ்மார்ட்போன் ஜெயில்பிரேக்குக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. மற்ற நாடுகளில் விதி வேறுபடும். அலுவலகம் கொடுத்த போன் என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

பலேரெய்ன் வழி: ஏ9 முதல் ஏ11 வரை

மேக் அல்லது லினக்ஸ் கணினி வேண்டும். விண்டோஸ் மட்டும் இருந்தால் பேலென்எக்ஸ் என்ற சிறிய லினக்ஸை யுஎஸ்பி டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. கேபிள் பழைய அகலமான யுஎஸ்பி-ஏ முனை உள்ளதாக இருக்கட்டும். யுஎஸ்பி-சி கேபிளில் போன் டிஎஃப்யூ நிலைக்கே (ஐஓஎஸ் தொடங்கும் முன்பே போன் கணினியுடன் பேசும் நிலை) போகாமல் அடம்பிடிப்பது வழக்கம். மேக்கில் சி துளை மட்டும்தான் என்றால் நடுவில் ஒரு ஹப் வைத்து ஏ கேபிளை மாட்டுங்கள். ஏஎம்டி புராசஸர் உள்ள கணினிகளில் செக்மேட் பலமுறை தோற்கும். இன்டெல் கணினி கிடைத்தால் அதையே எடுங்கள்.

1. ஏ11 போன் என்றால் பாஸ்கோடை அணையுங்கள். ஐஓஎஸ் 16 இல் முன்பு எப்போதாவது பாஸ்கோட் வைத்திருந்தால், செட்டிங்ஸ் வழியே ‘இரேஸ் ஆல் கன்டென்ட்’ செய்து, மறுபடி அமைக்கும்போது பாஸ்கோட் கேட்கும் இடத்தைத் தாண்டிவிடுங்கள். இப்படி அழித்தால் ஐஓஎஸ் பதிப்பு மாறாது.

2. பலேரெய்னின் அதிகாரப்பூர்வ தளத்தில் உள்ள நிறுவும் ஆணையை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுங்கள். பிறகு தேர்வு எதுவும் சேர்க்காமல் கருவியை ஓட்டினால் அது ரூட்லெஸ் முறை, ஐஓஎஸ்ஸின் சொந்தக் கோப்புகளைத் தொடாதது. ‘ரூட்ஃபுல்’ என்ற இன்னொரு முறை உண்டு. அது கோப்பு முறைமையின் நகல் ஒன்றை உருவாக்க 5 முதல் 10 ஜிபி வரை இடம் கேட்கும். குறிப்பிட்ட காரணம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

3. போனை மாட்டியதும் கருவி அதை ரிகவரி நிலைக்குக் கொண்டுபோகும், கேபிள் படம் தெரியும். என்டர் தட்டியதும் எண்ணத் தொடங்கும். 7, 8, எக்ஸ் போன்களில் வால்யூம் குறைக்கும் பொத்தானையும் பக்கவாட்டுப் பொத்தானையும் சேர்த்து 4 நொடி அழுத்துங்கள். பிறகு பக்கவாட்டுப் பொத்தானை மட்டும் விட்டு, வால்யூமை இன்னும் 10 நொடி பிடித்திருங்கள். 6எஸ், பழைய எஸ்இ போன்களில் வால்யூமுக்குப் பதில் ஹோம் பொத்தான். பழைய எஸ்இயில் பக்கவாட்டுப் பொத்தானுக்குப் பதில் மேல் பொத்தான்.

4. திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் டிஎஃப்யூ. சற்று நேரத்தில் எழுத்து வரிகள் ஓடி, போன் தானாகத் தொடங்கும்.

5. முகப்புத் திரையில் பலேரெய்ன் ஐகான் வரும். போன் இணையத்தில் இருக்க வேண்டும். அதைத் திறந்து, கூடுதல் நிரல்களை நிறுவ உதவும் சிலியோ என்ற ஆப்பை நிறுவுங்கள். நடுவில் ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லும்.

மூன்றாவது படியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆப்பிள் சின்னம் வந்துவிட்டால் பக்கவாட்டுப் பொத்தானை அதிக நேரம் பிடித்துவிட்டீர்கள். மறுபடி கேபிள் படமே வந்தால் வால்யூமைச் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். எத்தனை முறை தவறினாலும் போனுக்குக் கேடு இல்லை, மறுபடி ஓட்டுங்கள். செக்மேட் கட்டத்தில் அப்படியே உறைந்து நின்றால் கேபிளைக் கழற்றிச் சில நொடி கழித்து மாட்டுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் போனைக் கட்டாய ரீஸ்டார்ட் செய்யுங்கள்: 8, எக்ஸ் போன்களில் வால்யூம் கூட்டும் பொத்தானைத் தட்டி, குறைக்கும் பொத்தானைத் தட்டி, ஆப்பிள் சின்னம் வரும்வரை பக்கவாட்டுப் பொத்தானைப் பிடித்திருக்க வேண்டும்.

இந்த முறை பாதுகாப்பானது என்று சொல்லக் காரணம் உண்டு. பூட்ராமில் நுழையும் நிரல் போனின் நினைவகத்தில் மட்டும் வாழ்கிறது, அணைத்தால் போய்விடும். ரூட்லெஸ் முறையில் சேர்க்கப்படும் கோப்புகள் ஒரு தனிக் கோப்புறைக்குள் அடங்கிவிடுகின்றன. ஐஓஎஸ் 15 முதல் கையொப்பமிட்டு முத்திரை வைத்த கணினிப் பகுதியை யாரும் தொடுவதில்லை. அதனால் ரீஸ்டார்ட் செய்தால் போன் ஒழுங்காகத் தொடங்கும், ஜெயில்பிரேக் மட்டும் இருக்காது. திரும்ப வேண்டுமானால் கணினியில் மாட்டி 3, 4 ஆம் படிகளைச் செய்ய வேண்டும். இதைத்தான் செமி-டெதர்டு என்கிறார்கள்.

டோபமைன் வழி

இங்கே வேலை போனிலேயே நடக்கிறது. முதலில் ட்ரோல்ஸ்டோர் நிறுவிக்கொள்வது நல்லது. ஆப்களை நிரந்தரமாக நிறுவ உதவும் இது ஐஓஎஸ் 14 முதல் 16.6.1 வரையும், 17.0 இலும் ஓடும். ட்ரோல்இன்ஸ்டாலர்எக்ஸ் என்ற ஆப்பை, கணினியிலிருந்து ஆப்களை ஏற்றும் சைட்லோட்லி என்ற நிரல் மூலம் போனில் ஏற்றி ஓட்டினால் ட்ரோல்ஸ்டோர் அமர்ந்துவிடும். சைட்லோட்லி ஓர் ஆப்பிள் ஐடி கேட்கும். உங்கள் முதன்மை ஐடியைக் கொடுக்காமல் இதற்கென்று ஒன்றை உருவாக்குங்கள். ஐஓஎஸ் 16 இல் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டெவலப்பர் மோடை இயக்க வேண்டும். ஆப் திறக்க மறுத்தால் ஜெனரலில் ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ போய் நம்பிக்கை கொடுங்கள்.

ட்ரோல்இன்ஸ்டாலர்எக்ஸ் ஒரு ‘பெர்சிஸ்டன்ஸ் ஹெல்பரை’ வைக்க ஏதாவது ஒரு சிஸ்டம் ஆப்பின் இடத்தைக் கேட்கும். யாரும் திறக்காத டிப்ஸ் ஆப்பைக் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று தாண்டினால், ஐகான் பட்டியல் என்றைக்காவது புதுப்பிக்கப்படும்போது ட்ரோல்ஸ்டோர் ஆப்கள் ஒன்றும் திறக்காமல் நிற்கும், ட்ரோல்ஸ்டோரை மறுபடி நிறுவ வேண்டிவரும்.

ட்ரோல்ஸ்டோர் வேண்டாம் என்றால் டோபமைனை நேரே சைட்லோட்லியில் ஏற்றலாம். ஆனால் இலவச ஐடியில் கையொப்பம் 7 நாள்தான், ஒரே நேரத்தில் 3 ஆப்தான். ஏழாம் நாளுக்குப் பிறகு போன் ரீஸ்டார்ட் ஆனால் கணினியைத் தேடி ஓட வேண்டிவரும்.

டோபமைன் கோப்பை அதை உருவாக்கியவரின் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். திறந்து, ஜெயில்பிரேக் பொத்தானைத் தட்டி, சிலியோ அல்லது அதே வேலையைச் செய்யும் ஸீப்ராவைத் தேர்ந்து, கடவுச்சொல் கொடுத்தால் திரை ஒருமுறை அணைந்து எரியும். அவ்வளவே. நடுவில் போன் முழுக்க ரீஸ்டார்ட் ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம். ஐஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தும் முயற்சி குறி தவறினால் கெர்னல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது, வேறொன்றுமில்லை. தொடர்ந்து இரண்டு மூன்று முறை தவறினால் போனை ரீஸ்டார்ட் செய்து, வேறு எந்த ஆப்பையும் திறக்காமல், ஒரு நிமிடம் விட்டு முயலுங்கள்.

ஆனபின் காத்துக்கொள்வது

ஜெயில்பிரேக் போன்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஜெயில்பிரேக்கால் அல்ல, அதற்குப் பின் ஏற்றும் ட்வீக்குகளால், அதாவது ஐஓஎஸ்ஸின் தோற்றத்தையும் நடத்தையையும் மாற்றும் சிறு நிரல்களால். சிலியோவில் முதலில் இருக்கும் களஞ்சியங்களுடன் (ட்வீக்குகள் கிடைக்கும் தளங்கள்) சாரிஸ், ஹேவக் இரண்டையும் சேர்த்தால் போதும். காசு கொடுத்து வாங்க வேண்டிய ட்வீக்குகளை ஓசியில் தரும் களஞ்சியங்களைச் சேர்க்காதீர்கள். 2015 இல் வெளிப்பட்ட கீரெய்டர் என்ற தீநிரல் ஜெயில்பிரேக் போன்களிலிருந்து 2,25,000 க்கு மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளைத் திருடியது. அது பரவியதும் வெளியார் களஞ்சியங்களிலிருந்து ஏற்றிய ட்வீக்குகள் வழியாகத்தான்.

வேறு கணினியிலிருந்து போனுக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் நிறுவாதீர்கள், தேவையிருந்தால் தவிர. நிறுவினால் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். ஐபோனின் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள கணக்கின் கடவுச்சொல் ஆதியிலிருந்தே ‘ஆல்பைன்’ என்பது ஊரறிந்த ரகசியம். 2009 நவம்பரில் அதை மாற்றாத போன்களுக்குள் ஐகீ என்ற புழு நுழைந்து வால்பேப்பரை மாற்றிவிட்டுப் போனது. அது விளையாட்டு, அதே மாதம் அடுத்து வந்த ஒன்று விவரம் திருட வந்தது.

ட்வீக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒன்றை ஏற்றி, ஒரு நாள் புழங்கிப் பார்த்து, அடுத்தது. ஒரே மூச்சில் பத்து ஏற்றிவிட்டுத் திரை செத்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க அந்தப் பத்தையும் கழற்ற வேண்டும். ட்வீக் ரூட்லெஸ்ஸுக்கு எழுதப்பட்டதா என்றும் பாருங்கள். ஐஓஎஸ் 14 காலத்துப் பழையவை புதிய கோப்புறை அமைப்பில் ஓடாது. முகப்புத் திரை திரும்பத் திரும்பச் சரிந்தால் போன் சேஃப் மோடுக்கு, அதாவது ட்வீக்குகள் ஓடாத நிலைக்குப் போகும். அங்கிருந்து சிலியோவைத் திறந்து கடைசியாக ஏற்றியதை நீக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜெயில்பிரேக் இல்லாத நிலையில் ட்வீக் எதுவும் ஓடாது, போன் நிதானத்துக்கு வரும். பிறகு டோபமைனின் செட்டிங்ஸில், ட்வீக்குகளை ஆப்களுக்குள் புகுத்தும் ட்வீக் இன்ஜெக்‌ஷனை அணைத்துவிட்டு ஜெயில்பிரேக் செய்து, குற்றவாளியை நீக்குங்கள்.

வங்கி ஆப்கள் ஜெயில்பிரேக்கைக் கண்டால் திறக்க மறுக்கும். சாய்ஸி என்ற ட்வீக்கில் அந்த ஆப்புக்கு மட்டும் இன்ஜெக்‌ஷனை அணைத்தால் சில ஆப்கள் வழிவிடும். டோபமைனில் ஜெயில்பிரேக்கை மறைக்கும் பொத்தான் உண்டு, பணம் அனுப்பும்போது மட்டும் அழுத்திக்கொள்ளலாம். ஆனால் பணம் புழங்கும் ஆப்பை ஜெயில்பிரேக் செய்யாத வேறு போனில் வைத்துக்கொள்வதே நல்லது. மறைக்கும் வித்தை இன்று பலிக்கும், ஆப்பின் அடுத்த பதிப்பில் பலிக்காது. அவசரத்துக்குப் பணம் அனுப்பப் போகும்போதுதான் அது தெரியவரும்.

பழைய நிலைக்குத் திரும்ப

டோபமைனில் ‘ரிமூவ் ஜெயில்பிரேக்’ பொத்தான் இருக்கிறது. பலேரெய்னில் ‘ஃபோர்ஸ் ரிவர்ட்’ தேர்வுடன் கருவியை ஒருமுறை ஓட்ட வேண்டும். இரண்டுமே சேர்த்த கோப்புகளை மட்டும் நீக்கும். படங்களும் செய்திகளும் ஐஓஎஸ் பதிப்பும் அப்படியே இருக்கும். போனை விற்கப்போகிறீர்கள் என்றால் வரிசை முக்கியம்: முதலில் இந்த நீக்கம், பிறகு ரீஸ்டார்ட், பிறகு ஃபைண்ட் மை அணைப்பது, கடைசியில் ‘இரேஸ் ஆல் கன்டென்ட்’. ஜெயில்பிரேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழித்த பழைய ரூட்ஃபுல் போன்கள் பல ஆப்பிள் சின்னத்திலேயே நின்றுபோய், கணினி ரீஸ்டோரில்தான் எழுந்தன. அப்டேட்டும் அப்படித்தான்: செட்டிங்ஸ் வழியே வேண்டாம். ஜெயில்பிரேக்கை நீக்கிவிட்டுக் கணினியில் மாட்டி, ‘ரீஸ்டோர்’ என்பதற்குப் பதில் ‘அப்டேட்’ என்பதைத் தேர்ந்தால் உள்ளே இருப்பது அழியாமல் புதிய பதிப்பு ஏறும்.